மருமகனுக்குக் கொடுத்த மனை

இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட மருமகனுக்கு மனை எழுதிக் கொடுத்த மாமனாரை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்கமாட்டீர்கள், ஐயா. லுணுகலைக் கடைத்தெருவில் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

என் மகள் யசோதினி காய்ச்சலில் கிடந்தபோது, "ஒங்கப்பன் வீட்டு நடிப்பெல்லாம் இங்க வேணாம்" என்று வீட்டை வெளியிலிருந்து பூட்டிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனவன் அந்த இந்திரஜித். திரும்பி வந்தபோது அவள் உயிரோடு இல்லை. பக்கத்தில் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. வருஷம் திரும்புமுன் அவனுக்கு மறு கல்யாணம். நான் சத்தம் போடவில்லை.

என் தோட்டத்தில் பழைய மண் அணை ஒன்று உண்டு. கரையெல்லாம் மரம் முளைத்து, அடியில் எப்போதும் ஈரம் கசியும். அணைகளைச் சோதித்து வகை பிரிக்க வந்த இன்ஜினியர் தம்பி அதை ஆபத்துக் குறைந்த வகையில் சேர்த்தார். இவ்வளவு பழசாயிற்றே என்றேன்.

"பழசு புதுசு வேற கதைங்க முதலாளி. ஒடஞ்சா யாரு சாவாங்கன்னு பாத்துதான் வகை பிரிக்கிறது. கீழ வெறும் புல்லுதானே. நாளைக்கு ஒரு வீடு வந்தாலும் வகை மாறிடும், சொல்லிடுங்க."

"சரிங்க" என்றேன். மகள் போனபின் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்தப் புல்தரையைத்தான் கொடுத்தேன். "பேத்தி எங்கண்ணு முன்னால வளரட்டும் மாப்பிள்ளை."

"நீங்க தெய்வம் மாமா" என்றான். வீடு எழும்பியது. இன்ஜினியருக்கு நான் சொல்லவில்லை.

அணையில் தண்ணீர் வழிந்தோடும் வாயை வெயில் காலத்தில் பலகை போட்டு அடைப்போம், தேயிலை நாற்றுக்குத் தண்ணீர் வேண்டுமே. ஐப்பசி மழைக்கு முன் கழற்றிவிடுவது வழக்கம். இந்த வருஷம் தோட்டத்து ஆள் சிவஞானம், "பலகைய கழட்டவாங்க?" என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். அவன்மேல் குற்றமில்லை. மழை பிடித்துக்கொண்டதும் பலகைமேல் மண்மூட்டைகளை அடுக்கியது நான்தான்.

மறுநாள் காலை கரை உடைந்தது. இந்திரஜித்தை அவன் வேனுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். அவனுடைய புதுப் பெண்டாட்டியோடு எனக்குப் பகை ஏதும் இல்லை.

பேத்தியைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவளை என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஆள் விட்டேன். அவன் அனுப்பவில்லை. அது தெரிந்த பிறகுதான் மூட்டை அடுக்கினேனா என்றால், ஆமாம். ஆக, யசோதினியைக் கொன்றவன்தான் அவள் பிள்ளையையும் கொன்றான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.