பொட்டு வச்ச கன்ட்ரோலர்

பிரேம்குமார்: ...கம்ப்யூட்டரு திரும்பவும் அதே எடத்துலதான்க்கா நிக்குது. டிஸ்க்க தேடுறேன்னு ஒரு வரி வருது. அதோட படுத்துக்குது.

துர்கா: நல்லா தேடட்டும் பிரேமு. அவசரப்படுத்தாத.

இராமதாஸ்: இன்னாம்மா துர்கா, அவசரப்படுத்தாதன்ற? நாலு மணிக்கு எங்கப்பாவ எடுக்கறாங்க. அதுக்குள்ள உங்கடை பேனரு எங்க தெருமுனையில நிக்கணும்.

பிரேம்குமார்: நிக்கும்ணே. ஒரு நாள் ஃப்ளெக்ஸ் கடை கம்ப்யூட்டரு பூட் ஆவலன்னா கண்ணீர் அஞ்சலியே இல்லாம போயிடுமா?

இராமதாஸ்: உனக்கு தெரியாது தம்பி. எங்கண்ணன் காலையிலயே ஒண்ணு கட்டிட்டான். பேரன், பேத்தி, மச்சான், மச்சானோட டயர் கடை வரைக்கும் போட்டிருக்கான். என் பேரு மட்டும் இல்ல.

பிரேம்குமார்: மறந்திருப்பாரு.

இராமதாஸ்: டயர் கடைய மறக்கலியே. மாலையோட வர்றவன் எல்லாம் அத படிச்சுட்டு, ‘நீங்க அவருக்கு இன்னா ஒறவு’ன்னு என்னையே கேக்கறான். பெத்த புள்ள நானு. அப்பா போறதுக்குள்ள என் பேரு அந்த தெருவுல இருக்கணும். அவ்ளோதான்.

பிரேம்குமார்: வேற கடையில புதுசா டிசைன் பண்ணிடலாமே.

இராமதாஸ்: ஆயுத பூஜைக்கு மறுநாள் எவன் கடைய தொறக்கறான்? தவளக்குப்பம் ஜங்ஷன்லயே இன்னிக்கு ரெண்டு கடைதான். இன்னொண்ணு எங்கண்ணனுக்கு அடிச்ச கடை. அங்க போய் நிக்க சொல்றியா?

பிரேம்குமார்: சரி சரி. இப்ப பாருங்க, டிஸ்க் எல்லாத்தையும் கழட்டிட்டேன்... ஆங், தாண்டிடுச்சு. ஒண்ணு மாட்டறேன்... நின்னுடுச்சா? அத எடுத்துட்டு இன்னொண்ணு... இதுவும் நிக்குது.

துர்கா: அப்ப எல்லாமே போச்சா?

பிரேம்குமார்: எல்லாம் ஒரே நாள்ல பேசி வச்சுக்கிட்டு போவாதுக்கா. டிஸ்க் நல்லாதான் இருக்கும். இதுங்க எல்லாம் ஒரு கார்டுல போய் சேருது பாருங்க, கன்ட்ரோலரு. கோளாறு அதுல. விடுங்க, டிஸ்க்க என் லேப்டாப்ல மாட்டி பேனர் ஃபைல எடுத்துடறேன். சட்டுனு முடிஞ்சிடும்.

துர்கா: வேணாம்.

இராமதாஸ்: வேணாம்.

பிரேம்குமார்: ...இன்னா ரெண்டு பேரும் கோரஸ் பாடறீங்க?

துர்கா: உன் லேப்டாப்ல வைரஸ் இருக்கும்.

இராமதாஸ்: சாவு வீட்டு ஃபைலு. வெளியாளு லேப்டாப்ல ஏத்தக்கூடாது. தீட்டு.

பிரேம்குமார்: லேப்டாப்புக்கா?

இராமதாஸ்: கருமாதி வரைக்கும் இருக்கும்.

பிரேம்குமார்: இப்பதான அவசரம் அவசரம்னு குதிச்சீங்க?

இராமதாஸ்: அவசரம்தான். ஆனா இந்த பொட்டியிலயே வரணும். நீ கார்ட பாருப்பா.

பிரேம்குமார்: நல்ல ஆளுங்க. கழட்டறேன், அந்த டார்ச்ச புடிங்க... அக்கா.

துர்கா: இன்னாடா?

பிரேம்குமார்: கார்டு மேல இன்னா இது?

துர்கா: எங்க?

பிரேம்குமார்: இங்க. மஞ்சளா. நடுவுல செவப்பா.

துர்கா: சந்தனம் குங்குமம். நேத்து ஆயுத பூஜை இல்ல?

பிரேம்குமார்: பொட்டிக்கு வெளிய வைப்பாங்கக்கா. தொறந்து உள்ளயா வைப்பாங்க?

துர்கா: வெளிய இருக்கறது தகரம். அது இன்னா வேல செய்யுது? நீதான போன வாட்டி வந்தப்ப சொன்ன, இந்த கார்டு இல்லன்னா கடையே இல்லன்னு. அதான் அதுக்கு மொதல்ல வச்சேன். ப்ரிண்டருக்கு கூட அப்பறம்தான்.

பிரேம்குமார்: ஸ்லாட்டுல போய் மாட்டுற பல்லு மேல எல்லாம் வழிஞ்சு காஞ்சிருக்கு. இன்னாத்துல கொழைச்சீங்க?

துர்கா: பன்னீர்.

இராமதாஸ்: நல்லா மணக்குதுப்பா.

பிரேம்குமார்: நீங்க வேறண்ணே... ஃபேனுக்குள்ள பொரி கெடக்கு.

துர்கா: படைச்சா செதறத்தான் செய்யும்.

பிரேம்குமார்: எலுமிச்சம்பழம் எதுனா வச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க.

துர்கா: உள்ள கொள்ளல.

பிரேம்குமார்: நல்லவேள. ஒரு ரப்பரு குடுங்க. பென்சில் அழிக்கறதுதான். அதால தேய்ச்சாதான் இது போவும்... ஆமாண்ணே, அப்பா எப்ப தவறினாரு?

இராமதாஸ்: நேத்து ராத்திரி. தூக்கத்துலயே.

பிரேம்குமார்: நேத்து பூஜை. மெஷின தொடமாட்டாங்க. இன்னிக்கு காலையிலேருந்து இது பூட்டே ஆவல. அப்ப இந்த பேனர எப்பக்கா டிசைன் பண்ணீங்க?

துர்கா: நீ தேய்டா.

இராமதாஸ்: சொல்லும்மா. இனிமே இன்னா இருக்குது... சித்திரையில பண்ணது தம்பி.

பிரேம்குமார்: இன்னாது?

இராமதாஸ்: அப்பாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். ராத்திரி தாண்டாதுன்னுட்டாரு டாக்டரு. அண்ணன் முந்திக்குவான்னு நான் நேரா இங்க ஓடியாந்துட்டேன். காலையில ஆஸ்பத்திரிக்கு போனா எழுந்து உக்காந்துக்கிட்டு, இட்லிக்கு சாம்பார் பத்தலன்னு நர்ஸம்மா கிட்ட சண்ட போட்டுட்டு இருக்காரு.

பிரேம்குமார்: ...சிரிக்கக்கூடாதுண்ணே. ஆனா முடியல.

இராமதாஸ்: சிரிச்சுக்க. உசுரோட இருக்கறவருக்கு பேனர் போட்டவன் நானாதான் இருப்பேன். அந்த உறுத்தல்லயே தெனம் சாயங்காலம் வேல விட்டதும் அவர்கிட்ட போய் உக்காந்துப்பேன். முன்னெல்லாம் பொங்கலுக்கு பொங்கல்தான் போவேன். இன்னாடா புதுசான்னு ஒரு நாள் கூட கேக்கல. டீய பாதி ஊத்தி குடுப்பாரு.

பிரேம்குமார்: சரி, கார்ட போட்டாச்சு. சாமிய கும்புட்டுக்கோங்க. தேடுது... தேடுது... வந்துடுச்சுக்கா. எல்லா டிஸ்க்கும் வந்துடுச்சு.

துர்கா: அப்பாடா. அண்ணே, நீங்க போய் ஒரு டீ சாப்ட்டு வாங்க. நான் அடிச்சு, சுருட்டி, கயிறு கட்டி குடுத்துடறேன். தெருமுனையில போய் பிரிச்சா போதும்.

இராமதாஸ்: பாக்காம எப்படிம்மா? எழுத்துப் பிழ கிழ இருந்தா?

துர்கா: எங்கடையில பிழையே வராது. கெளம்புங்க.

பிரேம்குமார்: பக்கிரின்னு ரெண்டு ஃபைலு இருக்கே, அப்பா பேருதானண்ணே? பழசு ஒண்ணு, அப்பறம் மாத்துனது ஒண்ணு. புதுச தொறக்கறேன்.

துர்கா: தொறக்காத பிரேமு.

பிரேம்குமார்: தொறந்துட்டேன்.

இராமதாஸ்: ...இது நான் குடுத்த போட்டோ இல்லியே. கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு சிரிக்கறாரு. இது... இந்த கடை செவுருதான பின்னால? அண்ணன் பேரு வேற இருக்கு. அவன் பேர நான் சொல்லவே இல்லியே. என் பேருக்கு பக்கத்துல, அதே அளவு எழுத்துல... யாரு போட்டது துர்கா?

துர்கா: அதான் சுருட்டி குடுத்துடறேன்னு சொன்னேன்.

இராமதாஸ்: யாரும்மா?

துர்கா: உங்கப்பாதாண்ணே. எவனோ அவர்கிட்ட போட்டுக் குடுத்துட்டான். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த கொஞ்ச நாள்லயே நேரா இங்க வந்து காட்டுன்னாரு, காட்டினேன். திட்டுவாருன்னு பாத்தா, போட்டோல மூஞ்சி வத்திப்போய் கெடக்குது, வேற எடுன்னாரு. புள்ளைங்க ரெண்டு பேரையும் ஒரே வரியில போடுன்னாரு. கெளம்பறப்ப மட்டும் திரும்பி வந்து, ‘இராமதாஸு கிட்ட சொல்லிடாதம்மா, எனக்கு தெரியும்னு தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டு சாயங்காலம் வர்றத நிறுத்திடுவான்’னாரு.