செல்லியம்மாள் வைத்த உலை

சாய்வு நாற்காலியிலும் நிமிர்ந்தே அமர்ந்திருக்கும் தலைவர் நாராயணசாமி அவர்களே! கரும்பு வெட்டிய களைப்போடு கால் நீட்ட இடமின்றிக் குந்தியிருக்கும் அண்ணன்மார்களே! அடுப்பை அணைத்தோமா என்ற நினைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே! மூங்கில்துறைப்பட்டு மக்களே! உங்கள் அத்தனை பேரையும் செந்தமிழ்ச்செல்வியாகிய நான் சந்தேகத்தோடு வணங்குகிறேன்.

சிரிக்காதீர்கள்! நம் கரும்பு வெட்டுவோர் சங்கத்தின் ஆண்டு விருந்துக்குப் பந்தலுக்குப் பின்னால் உலை வைத்திருப்பவர் செல்லியம்மாள். அது தெரிந்ததிலிருந்து பாதிப்பேர் செருப்பைத் தேடுகிறீர்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என்னோடு கரும்பு வெட்டுபவர் அவர். முழங்காலுக்குக் கீழே நாவற்பழக் கறைபோலப் புள்ளிகள். வறண்டு, வெடித்து, செதில் செதிலாய் உரியும் தோல். கரும்புச் சோகை இலை கிழித்தது என்றீர்கள். வெட்டு இல்லாத மாதத்திலும் வந்ததே, ஏன்? யாராவது கேட்டீர்களா?

தை மாதம் அவர் மாமியார் சின்னப்பொண்ணு மாரடைப்பில் மறைந்தார். மாரடித்து மற்ற பெண்கள் அழ, மருமகள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அன்று பிடித்தது பேச்சு!

"சோத்துல மருந்து வெச்சிகினா பாரு, அந்த வெசம் அவ காலுலயே பூத்துட்சி!"

"வெச்சவ எங்கனா அழுவாளா?"

கட்டிய கணவர் தெய்வசிகாமணியே தட்டைத் தள்ளினார். "நீ மொதல்ல துன்னு, நான் பாக்கறேன்." அள்ளி வாயில் போட்டார் செல்லியம்மாள். மென்றார், மென்றார், இறங்கவில்லை. "தண்ணி குடுங்க" என்று கை நீட்டினார். போதாதா? "உன்னாலயே முழுங்க முடியல, இன்னாடி கலந்த?" தட்டு வாசலில் போய் விழுந்தது.

யாரம்மா அங்கே, 'பின்ன இன்னா' என்பது? வருகிறேன், பொறுங்கள்!

செல்லியம்மாளைக் கள்ளக்குறிச்சிக்கு நான்தான் கூட்டிப்போனேன். தோல் டாக்டர் நிர்மலா புள்ளியை விரலால் அழுத்தினார். நிறம் மறையவில்லை. "தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சிருக்கு. கண்ணு உறுத்துதா? வாய் காயுதா?" என்றார். காலைக் காட்டினால் வாயைக் கேட்கிறாரே என்று அவர் மீதும் எனக்குச் சந்தேகம்! ரத்தத்தைச் சோதித்துச் சொன்னார்: சோக்ரென் நோய். நம்மைக் காக்க வேண்டிய உடம்பின் காவல்படை, சொந்தக் கண்ணீர்ச் சுரப்பியையே, சொந்த உமிழ்நீர்ச் சுரப்பியையே பகை என்று எண்ணித் தாக்குகிறதாம். கண் காய்கிறது! வாய் காய்கிறது! தோல் காய்கிறது! காலில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புண்பட்டுக் கசிகின்றன. தொட்டால் ஒட்டாது. யாரும் யாருக்கும் வைத்த மருந்துமல்ல!

மாமியாருக்காக அவர் அழுதார் ஐயா, அழுதார்! கண்ணீர்தான் வரவில்லை.

சொந்த உடம்பையே சந்தேகித்தது அவர் ரத்தம். சொந்த ஊர் மருமகளையே சந்தேகித்தீர்கள் நீங்கள். அந்த ரத்தத்துக்கு மாத்திரை எழுதிவிட்டார் டாக்டர். உங்களுக்கு யார் எழுதுவது?

அதோ, பந்தியின் முதல் இலையில் போய் உட்கார்ந்துவிட்டார் தெய்வசிகாமணி. பக்கத்து இலை காலியாக இருக்கிறது. அதனருகே ஒரு சொம்புத் தண்ணீர். மனைவிக்காக அவரே கொண்டுவந்து வைத்தது. என் சந்தேகமெல்லாம் மிச்ச இலைகளைப் பற்றித்தான். தலைவர் அவர்களே, நீங்கள் எழுந்தால் ஊர் எழும்.

இத்தனை திட்டையும் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. செருப்பு அங்கேயே கிடக்கட்டும், சாப்பிட வாருங்கள். வணக்கம்!