வண்டி வராத கேட்டு

அர்ச்சுனன்: எதுக்குங்ண்ணா இப்பக் கேட்டச் சாத்தறீங்க?

ராஜப்பன்: பதினொரு மணி வண்டிக்கு நேரமாச்சே.

அர்ச்சுனன்: வண்டி நின்னு மூணு மாசமாச்சு! அந்தக் கோடியிலருந்து தண்டவாளத்தயே கழட்டிக்கிட்டு வராங்க. சண்டைக்கு இரும்பு வேணும்னு கப்பல்ல ஏத்தறாங்களாம். நீங்க யாருக்குச் சாத்தறீங்க?

ராஜப்பன்: நிறுத்துனது வண்டிய. என்னெ யாரும் வந்து நிறுத்தலியே.

அர்ச்சுனன்: ஆபீசுல நோட்டீசு ஒட்டியிருக்குங்களே... கேட்டுக்காரர் ராஜப்பன் இனித் தேவையில்லன்னு.

ராஜப்பன்: செவுத்துல ஒட்டுனாப் போதுமா? ஆளு நேர்ல வந்து, கொடி, லாந்தரு, சாவி எல்லாம் எண்ணி வாங்கிச் சார்ஜு எடுக்கணும். அது வரைக்கும் இந்தக் கேட்டு என்னுது. இன்னொண்ணு, ஆளக் கொறைக்கறதுன்னா கடைசியாச் சேந்தவனத்தான் மொதல்ல நிறுத்தணும். மொற அதுதானே?

அர்ச்சுனன்: அது... நமக்கென்னங்ண்ணா தெரியும்... அங்க பாருங்க, மாட்டு வண்டிக்காரன் திட்டறான். தொறந்து வுடுங்க.

ராஜப்பன்: மாதுவா? திட்டட்டும். இப்பல்லாம் எங்கிட்டப் பேசறவன் அவன் ஒருத்தன்தான்.

அர்ச்சுனன்: காசியம்மாக்கா போனதுலருந்து நீங்க இப்பிடித்தான் ஆயிட்டீங்க.

ராஜப்பன்: அவ இருந்தாச் சண்டயாச்சும் போடுவா. வண்டி போறப்ப இந்த வூடே தடதடன்னு ஆடும். அதுவும் ஒரு தொணையா இருந்துச்சு... இப்ப சட்டி பானகூடச் சத்தம் போடறதில்ல. சரி ஒக்காரு. களியும் கீரயும் இருக்கு. பாஞ்சாலி எப்பிடியிருக்கா?

அர்ச்சுனன்: மாசமா இருக்காங்ண்ணா. அஞ்சாவது புள்ள.

ராஜப்பன்: அஞ்சா! பகலெல்லாம் தண்டவாளத்துல ஆணி அடிச்சும் ஒனக்கு அலுப்பே வர்லியாடா?

அர்ச்சுனன்: போங்ண்ணா... நேத்தும் வந்தேன். வூடு பூட்டியிருந்துச்சு.

ராஜப்பன்: நேத்தா... பாலக்கோட்டுக்குப் போயிருந்தேன். உப்பு வாங்க.

அர்ச்சுனன்: உப்புக்கா கேட்ட வுட்டு அஞ்சு மைலு போனீங்க? அக்காவ எடுத்த அன்னிக்கே, வண்டிய அனுப்பிட்டுத்தானே நீங்க சுடுகாட்டுக்கு வந்தீங்க!

ராஜப்பன்: உப்பில்லாம எப்பிடித் தின்றது? அத வுடு... நீ வந்த சோலியச் சொல்லு.

அர்ச்சுனன்: சார்ஜு எடுக்கத்தான். ஹெட் கிளார்க்கு அனுப்புனாரு.

ராஜப்பன்: நீயா?

அர்ச்சுனன்: வேற ஆளு வந்தா ஒங்க மனசு சங்கடப்படுமேன்னு... இது சாமான் வாங்குன ரசீது. இந்த எடத்துல பெருவெரல வெச்சுட்டீங்கன்னா முடிஞ்சுது.

ராஜப்பன்: சரி, எழுது. பச்சக் கொடி ஒண்ணு. செவப்பு ஒண்ணு, ஓரத்துல எலி கடிச்சிருக்கு. லாந்தரு... ஏன், எழுதலியா?

அர்ச்சுனன்: அவரே எல்லாம் எழுதிக் குடுத்துட்டாருங்ண்ணா.

ராஜப்பன்: எலி கடிச்சதையுமா?

அர்ச்சுனன்: வெரல வைங்கண்ணா, நேரமாவுது.

ராஜப்பன்: இன்னொண்ணு எங்க?

அர்ச்சுனன்: இன்னொண்ணா?

ராஜப்பன்: சார்ஜு ரசீதுன்னா ரெண்டு காயிதம்டா. ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு குடுக்கறவனுக்கு. பதினாலு வருசத்துக்கு முன்ன நான் இந்தக் கேட்ட எடுத்தப்ப, பழைய ஆளுக்கு என் கையால ஒண்ணு குடுத்தேன். நீ ஒத்தக் காயிதத்தோட வந்திருக்கே.

அர்ச்சுனன்: நான் ஆணி அடிக்கறவன்... கேட்டு மொற எனக்கென்னங்ண்ணா தெரியும்...

ராஜப்பன்: களியத் தின்னு.

அர்ச்சுனன்: களி வேணாங்ண்ணா... இது ரசீதில்ல.

ராஜப்பன்: ம்.

அர்ச்சுனன்: நீங்களே இஷ்டப்பட்டு வேலய வுடறதா எழுதியிருக்கு. மொரப்பூருப் பெரிய லைன்ல ஒரே ஒரு கேட்டு எடம் காலியாம். மொறப்படி பாத்தா மூத்தவருக்கு, ஒங்களுக்குத்தான் வரணும். நீங்க எதுக்கெடுத்தாலும் நாயம் கேக்கற ஆளுன்னு ஹெட் கிளார்க்குக்கு ஒங்களக் கண்டா ஆவல. நீங்க ரேகை வெச்சுட்டா அந்த எடம் எனக்குன்னாரு... ஒங்களுக்கு அஞ்சு வருசம் கழிச்சுச் சேந்தவன் நான். புள்ளங்க மொகத்தப் பாத்து ஒத்துக்கிட்டேங்ண்ணா.

ராஜப்பன்: அழுவாதடா.

அர்ச்சுனன்: இந்தாங்க, கிழிச்சுட்டேன். நாலாக் கிழிச்சுட்டேன், பாருங்க. ஒங்க எடம் ஒங்களுக்குத்தான். நான் எங்கியாச்சும் கல்லு ஒடச்சுப் பொழச்சுக்கறேன்... ஏங்ண்ணா அப்பிடிப் பாக்கறீங்க? திட்டுங்க. ரெண்டு அடியாச்சும் அடிங்க.

ராஜப்பன்: மொதல்ல கீரயத் தொட்டுச் சாப்புடு. ஆறிப்போவுது.

அர்ச்சுனன்: சாப்புடறேன்... அண்ணா, இதுல உப்பே இல்லியே!

ராஜப்பன்: வூட்டுல உப்பு இல்லடா.

அர்ச்சுனன்: நேத்து வாங்கியாந்தது எங்க?

ராஜப்பன்: நேத்து நான் உப்பு வாங்கப் போகலடா. அந்த எடத்த ஒனக்குக் குடுக்கப் போறாங்கன்னு மாது முந்தாநேத்தே சொல்லிட்டான். மனு எழுதறவருகிட்டப் போயி, மூத்தவன் நான் இருக்க, பின்னால சேந்த அர்ச்சுனனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஒன் பேரப் போட்டே எழுதிச் சேலத்துப் பெரிய ஆபீசுக்குத் தபால்ல சேத்துட்டேன். நாயம் என் பக்கந்தான்... ஆனாலும் நீ வந்ததுலருந்து அதச் சொல்ல வாய் வர்ல. சொன்னா, நீயும் எந்திரிச்சுப் போயிடுவியேடா.