இறங்கும் கோடு

நெருங்கி உட்காருங்கள். நம் சோடாபுட்டியின் தம்பிக்கு நடந்தது இது.

இரவு இரண்டு மணி. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் சாலையில் ஒரே ஒரு பைக். அவன்தான். மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் தூக்கம் இல்லை... போக வேறு இடமும் இல்லை.

அங்கே ஆளுயரத்துக்கு ஓர் உருளை. உள்ளே இருக்கும் குளிருக்கு முன் பனிக்கட்டியே வெந்நீர். அந்தக் குளிரில் ஒரு கிராஃபீன் துணுக்கு... பென்சில் கரியிலிருந்து உரித்த, ஓர் அணு கனமே உள்ள தாள். அவ்வளவு லேசு என்பதால் துளி வெளிச்சம் பட்டாலே சூடேறிவிடும். உருளையின் சின்ன ஜன்னல் முன் ஆள் நின்றால் போதும், உடம்புச் சூட்டுக்குத் திரையில் கோடு ஏறும்.

தினமும் அப்படி நின்று சோதிப்பது அவன் மனைவி. அவளுக்கும் அங்கேதான் வேலை. எப்போதும் சில்லிட்ட கை.

"நீ நின்னா கோடு எறங்கிடப் போகுதும்மா" என்று ஓட்டுவார்கள்.

ஒருநாளும் இறங்கியதில்லை. உயிருள்ள உடம்புக்கு இறங்காது.

அவள் போன பிறகு... ராத்திரிகளில், யாரும் நிற்காதபோதே இறங்கியது.

ஜன்னலில் கோளாறு என்றார்கள். விடிந்ததும் தகடு வைத்து அடைத்துவிடுவார்கள். அவனுக்கு இந்த ஓர் இரவுதான்.

பக்கத்து அறையில், திரைக்கு முன்னால் அவன் கூட்டாளி. உருளையின் பம்ப் மட்டும் டக்... டக்... என்றது. சூடான எண்ணெய் வாடை. இவன் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் முன் போய் நின்றான்.

"டேய், போய் நின்னியா இல்லியா?"

"நிக்கிறேன்டா."

"கதை விடாத. கோடு எறங்குது."

"சத்தியமா நிக்கிறேன்."

கூட்டாளி குரலைத் தாழ்த்தினான்.

"மாப்ள... அப்ப உனக்கும் ஜன்னலுக்கும் நடுவுல யாரு?"

ஓடியிருக்கலாம். அவன் ஓடவில்லை. இருட்டுக்குள் வலது கையை நீட்டினான்... விரல்களுக்குள் சில்லென்று விரல்கள் நுழைந்தன.

"ஏறுதுடா... மெதுவா ஏறுது!"

ஓர் ஆள் நின்றால் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏறி... நின்றது.

மறுநாள் ஜன்னலை அடைத்தார்கள். அவன் இப்போது நன்றாகத் தூங்குகிறானாம்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா? அவன்தான். இடது கையைக் கொடுத்தால் தப்பாக நினைக்காதீர்கள். வலது கை எப்போதும் பாதி மூடியே இருக்கும்... எதையோ பிடித்திருப்பதுபோல.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அவனுக்கு வலப்பக்கம் மட்டும் இடம் விடுங்கள்.