ஒன்பது மைல் கிழக்கே

சங்கரா மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, மீன் கடித்ததும் கோலை வெடுக்கென்று இழுப்பது. நாங்கள் கட்டுவது முனை உள்பக்கமாக வளைந்த முள். அது தானாகவே மீனின் கடைவாயில் போய் மாட்டிக்கொள்ளும். நாம் பதறாமல் சுருளைச் சுற்றினால் போதும். கெண்டலுக்கு அந்தப் பொறுமை வரவே இல்லை. கடித்தவுடன் இழுப்பான், மீன் போய்விடும், சிரிப்பான். என் மனைவியின் தம்பி அவன். பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். என் போக்கில் சொல்ல விடுங்கள்.

டாஃபின் தீவுக்குத் தெற்கே கடலடி வெறும் மணலும் சேறும்தான். சங்கரா ஒதுங்குவதற்கு ஏதாவது ஒரு திட்டு வேண்டும்; அதைத்தான் பார் என்போம். அதனால் அனுமதி வாங்கிக்கொண்டு அவரவர் பாரை அவரவரே இறக்கிக்கொள்கிறோம். என்னுடையது கொல்லையில் நானே வார்த்த கான்கிரீட் குழாய்கள். பதினைந்து பாகம், அதாவது தொண்ணூறு அடி ஆழத்தில் கிடக்கின்றன. அவற்றில் பாசி பிடித்து, சிப்பி ஒட்டி, குஞ்சு மீன் அண்டி, பெரிய மீன் தங்குவதற்குப் பல வருடங்கள் ஆயின. போட்டவன் வாயைத் திறக்காதவரை அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு முன்னால் இன்னொரு பார் வைத்திருந்தேன். சர்ச்சில் மீன் பொரித்துப் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெண்டல் அது கிடக்கிற இடத்தின் எண்களை மேசையிலிருந்தவர்களிடம் சொல்லிவிட்டான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுகிற சுபாவம். அந்தப் பருவம் முடிவதற்குள் அங்கே உருப்படியான மீன் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. அதன் பிறகு அவனைக் கூட்டிப்போகும்போதெல்லாம் படகில் இடம் காட்டுகிற திரையைத் துண்டு போட்டு மூடிவிடுவேன்.

"எங்கக்காவைக்கூட நீ இப்படிப் பொத்திப் பொத்தி வச்சுக்கல மச்சான்" என்பான்.

"உங்கக்கா இருக்கிற இடத்தைத் தேடி நாலு படகு வராதுடா" என்பேன்.

இதை வீட்டுக்குப் போய் அவளிடமே சொல்லிச் சிரிப்பான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் துறையடியில் உயிர் இரை பிடித்துக்கொண்டு மேற்கே கிளம்பினோம். கெண்டல், தண்ணீர் பட்டால் தானே ஊதிக்கொள்ளும் மிதவைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தான். அவன் மனைவி ட்ரூடி வாங்கிக் கொடுத்தது.

"இந்த வெயில்ல இது எதுக்குடா?" என்றேன்.

"கழட்டினா வீட்டுப் பக்கம் வராதேன்னுட்டா மச்சான். உனக்கும் ஒண்ணு வாங்கித் தரச் சொல்லவா?"

மீன் நன்றாகக் கடித்தது. கால் கிலோ ஈயக்குண்டு அடியைத் தொடுவதற்கு முன்பே தூண்டில் நரம்பு விறைத்தது. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரும் சங்கராவுக்கு வயிறு வாய்வழியாகப் பிதுங்கிவிடும். சின்னது என்று அதை அப்படியே தண்ணீரில் விட்டால் மிதந்து சாகும். எடை கட்டிய கவ்வியில் மாட்டி அடிவரை இறக்கிவிட வேண்டும். யாரும் பார்க்காதபோது நான் அதைச் செய்வதில்லை. கெண்டல் ஒன்று விடாமல் செய்வான். "போய்ச் சேருடா தம்பி, வீட்ல தேடுவாங்க" என்று சொல்லி இறக்குவான்.

மதியத்துக்குமேல் தெற்கே மேகம் கறுத்தது. படகின் முன்பக்கம், அணியத்தில் நின்ற எனக்குப் பெரிய மீன் ஒன்று மாட்டியிருந்தது. காற்று எழுந்து படகு ஆட ஆரம்பித்தது. "கோலையெல்லாம் எடுத்து உள்ள வைடா" என்று திரும்பாமலே சொன்னேன். பதில் வந்ததா என்று எனக்கு நினைவில்லை. மீனைப் படகில் ஏற்றிவிட்டு, அவனிடம் காட்டத் திரும்பினேன். பின்பக்கம் யாரும் இல்லை. அவன் கோல் மட்டும் தாங்கியில் நின்றது.

நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டு நீரோட்டம் போகும் பக்கம் தேடினேன். மழை இறங்கிவிட்டது. படகின் மூக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. இதுவரை நான் செய்ததில் உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் ரேடியோவில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் படகு நிற்கிற இடம் தானாகவே கடலோரக் காவல்படைக்குப் போய்விடும். நான் அதை அமுக்கவில்லை. எல்லோரும் கேட்கிற அலைவரிசையில், ஆள் கடலில் விழுந்துவிட்டான் என்று மட்டும் சொன்னேன். காவல்படைப் பெண் பதில் சொல்வதற்குள் மெர்ல் குறுக்கே வந்தார். மெர்ல் எங்கள் துறைக்காரர். நான் எங்கே மீன் பிடிக்கிறேன் என்று பல வருடங்களாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர்.

"ராய்ஸ், நம்பரைச் சொல்லுப்பா. நானும் பசங்களும் பக்கத்துலதான் எங்கயோ இருக்கோம். உடனே வந்துடறோம்."

நம்பரைச் சொல்லு என்றார். அந்த நேரத்தில் அது என் காதில் எப்படி விழுந்தது என்பதை விளக்குவது கஷ்டம். பிறகு அந்தப் பெண்ணும் பொறுமையாக அதையே கேட்டாள். "உங்க இடம் எதுங்க சார்? நிதானமாச் சொல்லுங்க."

ஒன்பது மைல் கிழக்கே, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய இழுவைப் படகு மூழ்கிக் கிடக்கிறது. அந்த எண்களைச் சொன்னேன்.

"கிழக்கயா?" என்றார் மெர்ல். "காலையில நீ மேக்கால போறதைப் பாத்தேனே."

"வழியை மாத்திட்டோம்" என்றேன்.

சொன்ன இடத்தில் என் படகு இருக்க வேண்டுமல்லவா. அதனால் படகைத் திருப்பிக் கிழக்கே ஓட்டினேன். கடல் பெரிது, ஒன்பது மைல் அதில் ஒரு பொருட்டில்லை என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். ஹெலிகாப்டர் வந்தது. படகுகள் வந்தன. மெர்ல், பிடித்து வைத்திருந்த இரையையெல்லாம் கொட்டிவிட்டு வந்திருந்தார். இருட்டிய பிறகும் அவருடைய பிள்ளைகள் விளக்கை அடித்துக் கெண்டலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கூப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நான் சும்மா இருந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கொஞ்சம் மேற்கேயும் பார்க்கலாமே என்று இரண்டு முறை சொன்னேன். நீரோட்டம் மெதுவாக இருக்கிறது, அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் கொடுத்த இடத்தை வைத்துப் பார்த்தால் அது சரியான கணக்குத்தான்.

மறுநாள் விடிந்ததும் தனியாக என் பாருக்குப் போனேன். அங்கிருந்து நீரோட்டத்தின் போக்கில் மேற்கே தேட ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், அடிவானத்தில் ஒரு படகு தெரிந்தது. யாருடையது என்று தெரியவில்லை. அது என் பக்கமாக வருவது போலிருந்தது. நான் திரும்பிவிட்டேன். கரை சேர்ந்ததும், போன தடம் முழுவதையும் திரையிலிருந்து அழித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஓர் இறால் படகு அவனைக் கண்டெடுத்தது. மிதவைச் சட்டை ஊதியபடியே இருந்ததாம். ஞாயிறு மத்தியானம் வரையாவது உயிரோடு இருந்திருப்பான் என்றார் மருத்துவர். நான் திரும்பி வந்தது ஞாயிறு காலை. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்காமலிருக்க என்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தேன்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து ட்ரூடி வந்தாள்.

"அவர் விழுந்த எடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீங்களாண்ணா? பூப் போடணும்."

கூட்டிப்போனேன், இழுவைப் படகு கிடக்கிற இடத்துக்கு. அன்று அங்கே நிறையப் படகுகள். பக்கத்துப் படகில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ட்ரூடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து தண்ணீரைப் பார்த்தாள்.

"இங்கதானா?"

"இங்கதான்."

"சரியாச் சொல்லுங்கண்ணா. இங்கயேதானா?"

"இங்கயேதான்" என்றேன்.

அவள் பூவைப் போட்டுவிட்டு அவனோடு பேச ஆரம்பித்தாள். சட்டையைக் கழற்றாமல் இருந்ததற்கு அவனைப் பாராட்டினாள். கார் சாவி அலமாரிக்கு அடியில் கிடந்தது என்றாள். நான் எஞ்சின் பக்கம் போய், பழுதே இல்லாத எதையோ முடுக்கிக்கொண்டு நின்றேன். திரும்புகிற வழியில் அவள் என் கையைப் பிடித்து, "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். அன்றிலிருந்து கண்ணாடி பார்த்து முகம் மழிக்க முடியவில்லை. இந்தத் தாடி அதனால்தான்.

மெர்ல்தான் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார், இல்லையா? அவர்மேல் எனக்குக் கோபமில்லை. படகு மேற்கே போனதைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கெண்டலை நான் தள்ளவில்லை. அவன் தானாகத்தான் விழுந்தான். அவன் எங்கே விழுந்தான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தே எல்லோரையும் வேறு இடத்துக்கு அனுப்பினேன். காப்பாற்ற வந்தவர்களை அவனிடமிருந்து ஒன்பது மைல் தள்ளி நிறுத்தினேன். அவன் மிதந்துகொண்டிருந்தபோது தேடப் போய், பாதியில் திரும்பி வந்தேன். அவனைக் கொன்றது நான்தான். ட்ரூடியிடமும் என் மனைவியிடமும் இதை நானே சொல்கிறேன். அந்த ஒன்றை மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள்.

வரைபடத்தைக் கொடுங்கள். அவன் விழுந்த இடத்தைக் குறித்துத் தருகிறேன், ஒரு கெஜம்கூடப் பிசகாது. அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறாரே அந்த அதிகாரி, அவர் மீன் பிடிக்கப் போகிறவரா?