‘போறன்’ எண்டு சொல்லாத வீடு

“அந்த ரெண்டு இங்கிலிஸ் சொல்லிலயும் ‘வாறன்’ எண்டது இல்லையே, மச்சாள்.”

முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இருந்த இளம்பெண்தான் அப்படிச் சொன்னாள். பக்கத்தில் அவளுடைய புருசனின் அக்கா. இளையவள் ஹோட்டல் வேலை ஒன்றுக்கு இன்டர்வியூவுக்குப் போகிறாள் என்பது அவர்களின் கதையிலேயே விளங்கியது.

“‘கோ’ எண்டால் போறது. ‘லீவ்’ எண்டால் இடத்தை விட்டிட்டுப் போறது. இன்டர்வியூ முடிஞ்சு எழும்பேக்க ‘ஐ ஆம் லீவிங்’ எண்டு சொல்லட்டாம் எங்கட இங்கிலிஸ் ரீச்சர்.”

“அப்ப அதைச் சொல்லன்.”

“வாய் வருகுதில்லை. உங்கட தம்பி ஒருநாள் கடலுக்கு வெளிக்கிடேக்க ‘போறன்’ எண்டிட்டார். நான் படகடிக்கு ஓடிப்போய், ‘போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு இறங்குங்கோ’ எண்டு மறிச்சுக்கொண்டு நிண்டனான்.”

“சொன்னவனோ?”

“சொன்னவர். பிறகுதான் படகைத் தள்ள விட்டனான்.”

மூத்தவள் சிரித்தாள். “சரி, இண்டைக்கு என்ன சொல்லப்போறாய்?”

“‘ஐ வில் கோ அண்ட் கம்’ எண்டு சொல்லப்போறன்.”

“ரீச்சர் பிழை எண்டு சொல்லேல்லையோ?”

“சொன்னவா. அப்பிடிச் சொன்னால் நான் திரும்பி வரப்போறன் எண்டு அவை நினைப்பினமாம்.”

பஸ் புளியங்குளச் சந்தியில் திரும்பியது. அவள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

“நினைக்கட்டும், மச்சாள். வரத்தானே போறன்.”