பட்டியலில் முதல் பெயர்

வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கேக் வெட்டி அனுப்பும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. ஒருவர் போவதில் கொண்டாட என்ன இருக்கிறது? எனக்கு மனசு கேட்காது. எங்கள் முதலீட்டாளர்கள் சார்பில் விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் குறித்துக்கொண்டால் நல்லது.

எங்கள் மென்பொருள் செய்வது ஒரே வேலைதான். ஒரு கம்பெனியில் அடுத்த மூன்று மாதத்துக்குள் யார் யார் வேலையை விடுவார்கள் என்று வரிசையாகப் பெயர் சொல்லும். எழுதியவன் என் மச்சான், மனைவியின் தம்பி. கணக்கில் புலி. விற்பது என் பாடு. ஏழு மாதம் ஒவ்வொரு ஆபீஸாகப் படியேறி இறங்கினேன். எல்லாரும் “நல்லா இருக்கு, பாக்கலாம்” என்றார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசியில் ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையின் முதலாளியம்மா ஒரு மாதம் இலவசமாகப் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார். பட்டியலில் முதல் பெயர் சரக்கு அனுப்பும் பிரிவின் மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வருடமாக அங்கேயே இருப்பவர். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

“அவரா? கேட்டை இடிச்சாலும் போகமாட்டாரு.”

புதிதாகத் தொழில் தொடங்கியவனுக்கு எல்லாரும் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. முதல் பத்து வாடிக்கையாளருக்கு மென்பொருளை மட்டும் நம்பாதே, கையாலும் செய்து கொடு என்பார்கள். நான் சொல்பேச்சுக் கேட்கிறவன். தெரிந்தவரிடம் பேசி, மேற்பார்வையாளருக்கு வீட்டுப் பக்கத்திலேயே கூடுதல் சம்பளத்தில் வேலை பிடித்துக் கொடுத்தேன். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் அவர் ராஜினாமா கொடுத்தார். முதலாளியம்மா ஆடிப்போய்விட்டார். அன்றே ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டதோடு நாலு பேரிடம் சொல்லியும் வைத்தார்.

அப்படியே பத்தொன்பது கம்பெனிகள் ஆயின. இங்கே கிளப்பியவரை அங்கே உட்கார வைப்பேன். அங்கேயும் நம் மென்பொருள்தான், கொஞ்ச நாளில் அங்கேயும் அவர் பெயரே வரும். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர் ஒருவரை ஒரே வருடத்தில் மூன்று முறை மாற்றினேன். என்னை வேலைத் தரகன் என்று நினைத்திருந்த அந்த மனிதர், “சார், உக்காந்த எடம் சூடேறதுக்குள்ள எழுப்பி விடுறீங்களே” என்றார். பாவம், தங்கமான மனிதர்.

எல்லாரும் இப்படி இருந்துவிடுவதில்லை. பெயின்ட் கம்பெனியில் தரம் பார்க்கும் பெண் அசையவே இல்லை. அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை ரத்தச் சுத்திகரிப்பாம், ஆஸ்பத்திரி எதிரிலேயே இருக்கிறதாம். அவள் கலவை விவரத்தை வெளியே கொடுக்கிறாள் என்று மேலாளர் காதில் போட்டு வைத்தேன். மறுநாளே அனுப்பிவிட்டார்கள். போனாரா இல்லையா என்பதுதான் எங்களுக்குக் கணக்கு, எப்படிப் போனார் என்பதல்ல. அவளுக்காக வருத்தப்பட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மச்சானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில், விளையாட்டாக, நம் ஆபீஸின் ஆறு பேரையும் போட்டுப் பார்த்தான். முதல் பெயர் அவனுடையது.

“நான் எங்க மாமா போகப்போறேன்? எங்கயோ தப்பு இருக்கு. போனவங்க எல்லாருக்கும் போன் போட்டு ஏன் போனீங்கன்னு கேக்கறேன். திங்கக்கிழமை ஆரம்பிச்சிடலாம்.”

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். என் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் அவன். வேறு வழி இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். அவன் மென்பொருளைப் போட்டிக் கம்பெனிக்கு விற்கப் பார்க்கிறான் என்று முதலீட்டாளர்களுக்கு எழுதிவிட்டேன். திங்கட்கிழமை காலை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று போன் செய்தான். “மாமா, கார்டு வேலை செய்யல. கதவைத் தொறங்க.” நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே என் மனைவி மகளை அழைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை.

இரண்டு மாதம் முன்னால் மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் பெயர் என்னுடையது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தொடங்கிய கம்பெனி, நான் எங்கே போவேன்? ஆனாலும் மச்சானின் உழைப்பு வீணாகக் கூடாது.

என்னைப் பற்றிக் கையெழுத்தில்லாமல் உங்களுக்கு வந்த கடிதம் யார் போட்டது என்று கேட்டீர்கள். நான்தான். வெளியேறிய எல்லாருடைய பெயரையும் போன் நம்பரையும் சேர்த்துத்தானே அனுப்பியிருந்தேன்? நீங்கள் கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும். மூன்று மாதக் கெடுவில் இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது, இதுவரை அது ஒரு பெயரைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை.